ஹெச்-இண்டெக்ஸ் 9 பெரிதா, 34 பெரிதா?

என் கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி (பிறர் தங்கள் கட்டுரைகளில் அவற்றைக் குறிப்பிட்ட தடவைகள், அதாவது சைட்டேஷன்) அடுக்கினால், முதலில் நிற்பது என் சிறந்த கட்டுரை அல்ல. புள்ளியியல் தெரிந்த ஆள் வேண்டும் என்று ஓர் உயிரியல் குழு கூப்பிட்டது. அவர்களுடைய தரவில் இருந்த பிசிறுகளை நீக்க ஒரு முறையை எழுதிக் கொடுத்தேன். அதை விவரித்து வந்த பேப்பரில் ஆசிரியர்கள் ஒரு பட்டாளம். நடுவில் எங்கோ என் பெயர். அதற்குப் பல ஆண்டுகள் முன்பு, கணிதத்தில் இருந்தபோது, தனியாக உட்கார்ந்து நிறுவிய ஒரு தேற்றம் இருக்கிறது. நான் செய்ததில் உருப்படியான வேலை அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தளமான கூகுள் ஸ்காலரில் அது கண்ணில் பட வேண்டுமானால் 'மேலும் காட்டு' பொத்தானை அழுத்த வேண்டும்.

இரண்டு துறைகளிலும் குப்பை கொட்டியவன் என்பதால், சைட்டேஷன் எண்ணையும் அதிலிருந்து கணக்கிடும் ஹெச்-இண்டெக்ஸையும் பற்றி இளையவர்கள் கேட்கும்போது இந்த இரண்டு பேப்பர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பேச்சைத் தொடங்குவேன்.

துறை மாறியதும் முதலில் உறைத்தது வேகம். கணிதத்தில் ஒரு கட்டுரையை ஜர்னலுக்கு அனுப்பினால் கட்டுரையை மதிப்பிடும் ரெஃப்ரியின் அறிக்கை வர ஓராண்டு ஆவது சாதாரணம். அவர் நிரூபணத்தை வரி வரியாகச் சரிபார்க்கிறார், குறை சொல்ல முடியாது. பிறகு கட்டுரை வெளியாகி, ஒருவர் அதைப் படித்து, அதன்மேல் தன் வேலையைக் கட்டி, அதுவும் ரெஃப்ரியிடம் போய், வெளியாகி, அப்புறம்தான் எனக்கு ஒரு மேற்கோள். உயிரியல் குழுவில் எங்கள் பேப்பர் இணையத்தில் வந்த சில வாரங்களிலேயே மேற்கோள்கள் வரத் தொடங்கின. நான் அதற்குள் திடீரென்று அறிவாளி ஆகிவிடவில்லை.

ஜர்னலின் இம்பாக்ட் ஃபேக்டரை இந்த வேகத்தோடு சேர்த்துப் பாருங்கள். முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியான கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு சராசரியாக எத்தனை மேற்கோள் வந்தது என்பதுதான் அது. கணிதத்தில் அந்த இரண்டு ஆண்டில் வாசகர்கள் படித்தே முடித்திருக்க மாட்டார்கள். ஆகவேதான் கணிதக்காரர்கள் உச்சாணியில் வைத்திருக்கும் அன்னல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ் ஒற்றை இலக்க இம்பாக்ட் ஃபேக்டரில் இருக்கிறது. புற்றுநோய் மருத்துவர்களுக்கான சிஏ இதழ் மூன்று இலக்கத்தில் இருக்கிறது.

இன்னொரு காரணம் குறிப்புப் பட்டியலின் நீளம். என் கணிதக் கட்டுரைகளின் கடைசியில் இருபது, இருபத்தைந்து குறிப்புகள் இருந்தாலே தாராளம். உயிர்மருத்துவக் கட்டுரையில் ஐம்பது, அறுபது சர்வசாதாரணம். ஒவ்வொரு கட்டுரையும் இரண்டு மடங்கு மேற்கோளை வெளியே விட்டால், அந்தத் துறையில் இருக்கிற எல்லோர் கணக்கிலும் இரண்டு மடங்கு விழத்தானே செய்யும்? அதிலும் கணிதக் குறிப்புகள் பாதி பழைய கட்டுரைகளுக்கும் புத்தகங்களுக்கும் போய்விடுகின்றன. கணினி அறிவியல் தனி உலகம். அங்கே மாநாட்டுக் கட்டுரைதான் ராஜா. கூகுள் ஸ்காலரின் வரிசையில் நேச்சர், சயின்ஸ் போன்ற பெயர்களுக்குப் பக்கத்திலேயே சிவிபிஆர் என்ற கணினிப் பார்வை மாநாடு நிற்கிறது. மாநாட்டுக் கட்டுரையைச் 'சின்ன வேலை' என்று நினைக்கும் வேதியியல்காரர் ஒருவர் தேர்வுக் குழுவில் இருந்துவிட்டால், கணினி அறிவியல் விண்ணப்பதாரர் பாடு திண்டாட்டம்தான்.

இந்த எண்கள் எதற்காகப் பிறந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். 1955இல் யூஜீன் கார்ஃபீல்டு சயின்ஸ் இதழில் மேற்கோள் அட்டவணை என்ற யோசனையை முன்வைத்தார். 1964இல் சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் வந்தது. ஒரு கட்டுரையிலிருந்து அதைத் தொட்டு வந்த கட்டுரைகளுக்குப் போக ஒரு வழி: நூலகத்தில் தேடுபவருக்கான கருவி. இன்றும் நான் அதை அதிகம் பயன்படுத்துவது அந்த வேலைக்குத்தான். ஆளை எடைபோட அதை எடுத்துக்கொண்டது பிறகு வந்த பழக்கம்.

ஹெச்-இண்டெக்ஸ் ஆளை எடைபோடவே வந்தது. 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்தார். குறைந்தது பத்து மேற்கோள் பெற்ற கட்டுரைகள் உங்களிடம் பத்து இருந்து, பதினொன்று பெற்றவை பதினொன்று இல்லையென்றால் உங்கள் எண் 10. அழகான சுருக்கம், சந்தேகமில்லை. ஆனால் ஹிர்ஷின் அந்த முதல் கட்டுரையிலேயே ஒரு எச்சரிக்கை உட்கார்ந்திருக்கிறது: இயற்பியலாளர்களில் முதலிடத்தில் எட்வர்டு விட்டன், 110, உயிரியல் பக்கம் சாலமன் ஸ்னைடர், 191. உயிர் அறிவியலில் எண்கள் உயரமாகவே இருக்கும் என்று அவரே எழுதியிருக்கிறார். எண்ணை எடுத்துக்கொண்டவர்கள் அந்தப் பத்தியை மட்டும் விட்டுவிட்டார்கள். 2020இல் ஹிர்ஷே, தன் அளவுகோல் மோசமாகத் தவறவும் கூடும், எதிர்பாராத தீங்கும் விளைவிக்கும் என்று எழுத வேண்டி வந்தது.

ஒருமுறை ஆய்வு நல்கைக்கான தேர்வுக் குழுவில் இருந்தேன். எக்செல் தாளில் ஒரு நெடுவரிசை ஹெச்-இண்டெக்ஸ். எண் கோட்பாட்டுக்காரர் ஒருவருக்கு 9. புற்றுநோய் உயிரியல்காரர் ஒருவருக்கு 34. குழுவில் ஒருவர் "சார், அந்த நெடுவரிசையை இறங்குவரிசையில் அடுக்கிப் பாதியை வெட்டிடலாமே" என்றார். அவர் கெட்டவர் இல்லை. கோப்புகள் குவிந்து கிடந்தன, எல்லோருக்கும் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. ஆனால் அப்படி வெட்டுவது படிக் கணக்கையும் முழக் கணக்கையும் ஒரே வரிசையில் எழுதிப் பெரிது சிறிது பார்ப்பதுபோல.

அன்று நாங்கள் செய்ததைச் சொல்கிறேன், வேறு குழுக்களுக்கும் பயன்படும். ஒவ்வொருவரும் தங்கள் சிறந்தவை என்று குறித்திருந்த ஐந்து கட்டுரைகளை மட்டும் எடுத்தோம். ஒவ்வொன்றுக்கும் அதே ஆண்டில், அதே துறையில், அதே வகையில் வந்த கட்டுரைகளின் உலகச் சராசரியைப் பக்கத்தில் எழுதினோம். வகை முக்கியம்: ரிவ்யூ கட்டுரைகள் இயல்பாகவே அதிக மேற்கோள் வாங்கும், ஆய்வுக் கட்டுரையோடு சேர்த்தால் கணக்கு கெட்டுவிடும். ஓர் உதாரணத்துக்கு, சராசரி 4 இருக்கும் இடத்தில் ஒரு கணிதக் கட்டுரைக்கு 12 மேற்கோள் என்றால் 12ஐ 4ஆல் வகுத்து 3. சராசரி 75 இருக்கும் இடத்தில் ஓர் உயிரியல் கட்டுரைக்கு 60 என்றால் 0.8. வெறும் எண்ணில் 60 ஐந்து மடங்கு பெரிது. துறைக்குள் வைத்துப் பார்த்தால் தலைகீழ். ஸ்கோப்பஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் எஃப்டபிள்யூசிஐ (துறைக்கேற்ப எடையிட்ட மேற்கோள் தாக்கம்) என்ற பெயரில் கிடைப்பது இந்த வகுத்தல்தான். உலகச் சராசரி 1.

இதுவும் மந்திரக்கோல் இல்லை. மேற்கோள்களின் பரவல் பயங்கரமாகச் சாய்ந்தது. பெரும்பாலான கட்டுரைகள் சராசரிக்குக் கீழேதான் கிடக்கும், ஒரு சில கட்டுரைகள் வானத்தில் நிற்கும். அப்படி ஒன்று மாட்டினால் ஒரு ஜர்னலின் சராசரியே எகிறும். 2008இல் படிக அமைப்பைக் கண்டறிய உதவும் ஷெல்எக்ஸ் மென்பொருளைப் பற்றி ஜார்ஜ் ஷெல்ட்ரிக் ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். படிக அமைப்பைக் கண்டவர்கள் எல்லோரும் அதை மேற்கோள் காட்டினார்கள். 2 அளவில் இருந்த இதழின் இம்பாக்ட் ஃபேக்டர் ஒரே தாவாக 50க்குப் பக்கத்தில் போனது. அந்த இதழில் அதே காலத்தில் எழுதிய மற்றவர்களுக்கு அதனால் ஒன்றும் கூடவில்லை. என் சொந்த எஃப்டபிள்யூசிஐயும் அப்படித்தான்: அந்த ஒரு உயிரியல் பேப்பரை எடுத்துவிட்டால் பாதிக்குமேல் சரிந்துவிடும். ஆகவே தனி ஆளைப் பார்க்கும்போது சராசரியைவிட, துறையில் மேலே இருக்கும் 10 சதவீதத்துக்குள் எத்தனை கட்டுரைகள் வந்தன என்று பார்ப்பது மேல். இருபது கட்டுரைகூட இல்லாத இளையவருக்கு அதையும் பார்க்க வேண்டாம். கட்டுரையைத் திறந்து படித்துவிடலாம், நேரமும் அதிகம் ஆகாது.

என் உயிரியல் பேப்பரை மேற்கோள் காட்டியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று ஒரு விடுமுறையில் வரிசையாகத் திறந்து பார்த்தேன். பெரும்பாலும் ஒரே வாக்கியம், 'முறைகள்' பகுதியில்: தரவு இன்ன முறைப்படி சுத்தம் செய்யப்பட்டது, பிறகு எங்கள் குறிப்பு எண். சிலவற்றில் முன்னுரையில் ஏழெட்டுக் குறிப்புகளைக் கும்பலாக அடைத்த அடைப்புக்குறிக்குள் நாங்களும் இருந்தோம். ஒன்றில் நாங்கள் சொல்லாததைச் சொன்னதாக எழுதியிருந்தார்கள். எங்கள் முறையின் போதாமையைக் காட்டி அதைத் திருத்தியிருந்தவை விரல்விட்டு எண்ணக் கூடியவை. உண்மையில் எங்களைப் படித்தவர்கள் அவர்கள்தான். கணிதத் தேற்றத்துக்கு வந்த கொஞ்ச மேற்கோள்களில் பாதிக்குமேல் அந்த ரகம். ஒருவர் என் மூன்றாம் துணைத்தேற்றத்தை எடுத்து இரண்டு பக்கம் விவாதித்திருந்தார். எண்ணில் இரண்டும் ஒன்றுதான், தலைக்கு ஒரு மேற்கோள்.

முறைக் கட்டுரைகளுக்கு இப்படிக் கொட்டுவது புதிதில்லை. இதுவரை அதிக மேற்கோள் பெற்றதாகப் பேசப்படும் கட்டுரை 1951இல் ஆலிவர் லௌரியும் சகாக்களும் எழுதிய புரத அளவீட்டு முறை. மூன்று லட்சத்துக்கு மேல். அது ஒன்றும் மகத்தான கட்டுரை இல்லை என்று லௌரியே ஒப்புக்கொண்டிருக்கிறார். இன்னொரு கோடியில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் 1998 லான்செட் கட்டுரை, தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டது. 2010இல் திரும்பப் பெறப்பட்டது. அதற்கு வந்து குவிந்த மேற்கோள்களில் ஏராளம் அதை மறுக்கவே எழுதப்பட்டவை. ஐன்ஸ்டைன், பொடோல்ஸ்கி, ரோசன் மூவரும் 1935இல் எழுதிய கட்டுரையோ பல பத்தாண்டுகள் தூங்கிவிட்டுத்தான் மேற்கோள் உலகில் கண்விழித்தது. எந்தத் தேர்வுக் குழுவும் அவ்வளவு காலம் காத்திருக்காது.

சரி, இனி உங்கள் பட்டியலுக்கு வருவோம். முதலில் அது உங்களுடையதுதானா என்று பாருங்கள். என் கூகுள் ஸ்காலர் பக்கத்தில் ஒருநாள் பல் இம்பிளான்ட் பற்றிய கட்டுரைகள் வந்து உட்கார்ந்திருந்தன. இனிஷியலும் பெயரும் ஒத்துப்போன ஒரு பல் மருத்துவர். அவர் மேற்கோளைச் சேர்த்ததில் என் ஹெச்-இண்டெக்ஸ் நன்றாகவே ஏறியிருந்தது. நீக்கும்போது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது! ஸ்காலரில் புதிய கட்டுரைகளைத் தானே சேர்க்கட்டும், அல்லது என்னிடம் கேட்டுச் சேர்க்கட்டும் என்று இரண்டு அமைப்புகள் உண்டு, இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். ஆர்கைவ் என்ற முன்வரைவுத் தளத்தின் பதிப்பும் ஜர்னல் பதிப்பும் தனித்தனியாக நின்றால் இரண்டையும் டிக் செய்து இணைக்கலாம். ஸ்கோப்பஸில் நேர் எதிரான சிக்கல்: என் பெயர் ஒரு கட்டுரையில் இனிஷியலோடும் இன்னொன்றில் விரிவாகவும் இருந்ததால் அது என்னை இரண்டு ஆட்களாக்கி வைத்திருந்தது. கணிதக்காரன் ஒருவன், உயிரியல்காரன் ஒருவன். அங்கே நாமே மாற்ற முடியாது. திருத்தக் கோரிக்கை அனுப்பினால் சேர்த்துத் தருவார்கள், எனக்குச் சேர்த்தார்கள்.

2012இல் வந்த ஆர்கிட், 16 இலக்க அடையாள எண், இந்தத் தொல்லைக்குத்தான். இலவசம். முதல் கட்டுரை அனுப்புவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள், கட்டுரையில் பெயரை எப்படி எழுதப் போகிறீர்கள் என்பதையும் அன்றே முடிவு செய்து கடைசிவரை மாற்றாதீர்கள்.

ஸ்காலர், ஸ்கோப்பஸ், இன்னொரு மேற்கோள் தரவுத்தளமான வெப் ஆஃப் சயின்ஸ் என்ற மூன்று தளங்களிலும் எண் மூன்று விதமாக வரும், கலங்க வேண்டாம். ஸ்காலர் ஆய்வேடு, முன்வரைவு, ஸ்லைடு எல்லாவற்றிலிருந்தும் எடுத்துக்கொள்ளும், அதனால் அங்கே அதிகம். ஸ்கோப்பஸும் வெப் ஆஃப் சயின்ஸும் தாங்கள் பட்டியலிட்ட இதழ்கள், மாநாட்டுத் தொகுப்புகள், நூல்களை மட்டும் எண்ணும். பல்கலைக்கழகச் சந்தா இல்லாதவர்களுக்கு 2022இல் தொடங்கிய ஓப்பன்அலெக்ஸ் இருக்கிறது, திறந்த தரவு. எங்கே எடுத்தாலும் எண்ணுக்குப் பக்கத்தில் தளத்தின் பெயரையும் தேதியையும் எழுதிவிடுங்கள். ஒருவருக்கு ஸ்காலர் எண்ணும் அடுத்தவருக்கு ஸ்கோப்பஸ் எண்ணும் போட்டு ஒப்பிட்ட தாள்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

'உலகின் தலைசிறந்த 2% விஞ்ஞானிகள்' பட்டியல் வெளியாகும் நாளில் வாழ்த்துச் செய்திகள் பறக்கும். ஸ்டான்ஃபோர்டின் ஜான் அயோனிடிஸும் சகாக்களும் ஸ்கோப்பஸ் தரவை வைத்துத் தயாரிப்பது. விருது அல்ல, தரவுத்தளம். ஆட்களை 22 துறைகளாகவும் 174 உட்துறைகளாகவும் பிரித்துப் பார்ப்பது அதன் நல்ல குணம். சுய மேற்கோள் நீங்கலான எண்ணும் அங்கேயே கிடைக்கும், முதலில் அந்த நெடுவரிசையைத்தான் பார்க்க வேண்டும். வாழ்நாள் முழுமைக்கும் ஒரு பட்டியல், ஓராண்டுக்கு ஒரு பட்டியல் என்று இரண்டு இருப்பதும் பலருக்குத் தெரியாது. கூட்டு மதிப்பெண் ஆறு அளவுகளால் ஆனது. அவற்றில் மூன்று, நீங்கள் தனி ஆசிரியரா, முதல் ஆசிரியரா, கடைசி ஆசிரியரா என்பதைப் பார்ப்பவை. உயிரியலில் இது பொருத்தம்: முதலில் நிற்பவர் வேலையைச் செய்தவர், கடைசியில் நிற்பவர் ஆய்வகத் தலைவர். கணிதத்தில் பெயர்களை அகர வரிசையில் போடுவோம். அங்கே முதல் ஆசிரியர் ஆவதற்கு 'ஏ'யில் தொடங்கும் பெயர் இருந்தால் போதும். துகள் இயற்பியலில் கேட்கவே வேண்டாம். 2015இல் ஹிக்ஸ் துகளின் நிறையைச் சொன்ன, அட்லஸ், சிஎம்எஸ் என்ற இரண்டு ஆய்வுக் குழுக்களின் கூட்டுக் கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள்.

துறை தாண்டி வேலை செய்பவர்களுக்கு இங்கே கூடுதல் இடி. பெரும்பாலான கட்டுரைகள் எந்தத் துறையில் விழுந்தனவோ அந்தத் துறையில் ஆளைப் போட்டுவிடுவார்கள். உயிரியலில் உதவிக்குப் போன புள்ளியியல்காரர், உயிரியல் தலைவர்களோடு போட்டி போட வேண்டியதுதான். இதற்கு நான் கண்ட ஒரே மருந்து, செய்த வேலையை வாக்கியமாக எழுதிவைப்பது. பங்களிப்பை 14 வகையாகப் பிரிக்கும் கிரெடிட் என்ற முறையை இப்போது பல ஜர்னல்கள் கேட்கின்றன. அந்தப் படிவம் வரும்போது மற்றவர் நிரப்பட்டும் என்று விடாதீர்கள். 'மென்பொருள்', 'முறையான பகுப்பாய்வு' என்ற இரண்டு கட்டங்களில் என் பெயர் ஏறியதால்தான் அந்த நடு ஆசிரியர் என்ன செய்தார் என்பது பின்னால் படிப்பவருக்குத் தெரிகிறது.

விண்ணப்பத்திலும் இதையே செய்கிறேன். சிவியில் மொத்த மேற்கோளை ஒரு வரியில் முடித்துவிட்டு, ஐந்து கட்டுரைகளுக்குத் தலா மூன்று வரி: என்ன கேள்வி, இதில் என் கை எது, அதற்குப் பிறகு யார் என்ன செய்தார்கள். கணிதக் கட்டுரைக்குக் கீழே, அந்தத் துணைத்தேற்றத்தை எடுத்து வளர்த்தவரின் முடிவை எழுதுகிறேன். உயிரியல் கட்டுரைக்குக் கீழே, இது கருவி, மேற்கோள்களில் பெரும்பாலானவை பயன்பாடு என்றே எழுதுகிறேன். நேர்மையாகச் சொன்னதால் எனக்கு எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆய்வை மதிப்பிடும் விதம் பற்றி 2013இல் வெளியான டோரா பிரகடனம், ஜர்னலின் இம்பாக்ட் ஃபேக்டரைத் தனி ஆளின் அளவுகோலாக்காதீர்கள் என்றது. 2015இல் நேச்சரில் வந்த லைடன் மேனிஃபெஸ்டோ, துறைக்குத் துறை மேற்கோள் வழக்கம் வேறு என்பதைக் கணக்கில் எடுக்கச் சொன்னது. டோராவில் கையெழுத்திட்ட நிறுவனங்கள் ஏராளம். உங்களை மதிப்பிடும் நிறுவனம் அதில் இருக்கிறதா என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். இருந்தால் விண்ணப்பத்தில் ஒரு வரியில் நினைவூட்டலாம். நான் நினைவூட்டுவதுண்டு.

கடைசியாக, இளையவர்கள் அதிகம் சங்கடப்படும் விஷயம். கட்டுரையை மதிப்பிடும் ரெஃப்ரி, "பின்வரும் ஆறு கட்டுரைகளையும் மேற்கோள் காட்டவும்" என்று பட்டியல் கொடுப்பார். ஆறிலும் ஒரே பெயர் இருக்கும், தலைப்புக்கும் நம் வேலைக்கும் ஒட்டும் இருக்காது உறவும் இருக்காது. எல்லாவற்றையும் படித்துப் பாருங்கள், உண்மையிலேயே பொருந்துவது ஒன்று இருந்தால் சேருங்கள். மற்றவற்றுக்கு, எடிட்டருக்குப் போகும் பதில் கடிதத்தில் இப்படி எழுதினேன்: 'இவற்றைப் படித்தோம், எங்கள் கேள்வியோடு நேரடித் தொடர்பில்லாததால் சேர்க்கவில்லை, எடிட்டர் வேறு விதமாகக் கருதினால் எந்த இடத்தில் பொருந்தும் என்று சொல்லவும்.' எடிட்டர் எதுவும் கேட்கவில்லை. கட்டுரை அப்படியே வெளியானது.